"குடித்தீர்களா?" என்று மட்டும் கேட்ட எட்டு மணி நேரம்: மலை அல்ட்ரா ஓட்டத்தில் ஒரு ஹைப்போநட்ரீமியா நிகழ்வு

எதற்காக இந்தப் பதிவு

100 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டம் ஒன்றில் 78-ஆவது கிலோமீட்டரோடு நின்றுபோன ஒருவருக்கு என்ன நடந்தது என்பதன் பதிவு இது. ஓடியவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். 54-ஆவது கிலோமீட்டரிலிருந்து நான் அவருக்குப் பேசராக, அதாவது இரவில் கூடவே ஓடும் துணையாக, போனேன். அவருடைய ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கியது. இதைத்தான் ஹைப்போநட்ரீமியா என்கிறார்கள். இறங்கிக்கொண்டிருந்த எட்டு மணி நேரமும் நான் பக்கத்திலேயே இருந்தேன். அது இறங்குவதற்கு நானும் ஒரு காரணம்.

அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், ஊர், போட்டி எதுவும் வேண்டாம் என்று சொன்னார். அவருடைய கைக்கடிகாரப் பதிவு, எய்ட் ஸ்டேஷனின் (வழியில் உணவும் மருத்துவ உதவியும் கிடைக்கும் நிலையம்) எடைத் தாள், மருத்துவக் குறிப்பு மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நேரங்களைக் கொடுத்திருக்கிறேன். நினைவை மட்டும் நம்பியிருந்தால் பாதி நேரங்கள் தப்பாகப் போயிருக்கும்.

பின்னணி

அக்காவுக்கு அப்போது வயது 39. எடை 52 கிலோ. ஏழு வருடமாக ஓடுகிறார். 50 கிலோமீட்டர் மலை ஓட்டங்கள் நான்கை முடித்திருந்தார். 100 கிலோமீட்டருக்கு இது இரண்டாவது முயற்சி.

முதல் முயற்சி அதற்கு மூன்று வருடம் முன்பு. நல்ல வெயிலில் நடந்த ஓட்டம். தண்ணீர் போதாமல், வாந்தியும் தசைப்பிடிப்புமாக 61-ஆவது கிலோமீட்டரில் விலகினார். அது உண்மையிலேயே நீரிழப்புதான், அதில் சந்தேகம் இல்லை. அந்த நாள் அவர் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. "இன்னொரு தடவை தண்ணீர் இல்லாமல் விழமாட்டேன்" என்று பயிற்சிக் காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதனால் இந்த முறை குடிப்பதற்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தார். வெயிலில் ஓடிப் பார்த்து, ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, மணிக்கு 800 மில்லிலிட்டர் அளவுக்கு வியர்க்கிறது என்று கண்டுபிடித்தார். மணிக்கு 700 மி.லி. குடிப்பது என்று முடிவானது. ஒரு குப்பியில் வெறும் தண்ணீர், மற்றதில் உப்புச்சத்து கலந்த எலெக்ட்ரோலைட் பானம். கைக்கடிகாரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அதிரும், அதிர்ந்தால் குடிக்க வேண்டும். மணிக்கு ஒரு உப்பு மாத்திரை. பகலுக்கு இது நல்ல திட்டம். இரவுக்கென்று தனியாகக் கணக்கு எதுவும் போடவில்லை. போட வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ஓட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். மொத்த ஏற்றம் 5,600 மீட்டர், மூன்று கணவாய்கள், கால வரம்பு 30 மணி நேரம். மலை ஓட்டத்தில் தூரத்தைவிட ஏற்றம்தான் ஆளைத் தீர்மானிக்கும். ஆல்ப்ஸில் மோன் பிளாங்கைச் சுற்றி நடக்கும் யுடிஎம்பி ஓட்டம் சுமார் 170 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 10,000 மீட்டர். கிலோமீட்டருக்கு எவ்வளவு ஏற்றம் என்று வகுத்துப் பார்த்தால் இந்த ஓட்டமும் ஏறத்தாழ அதே அளவுதான். இப்படிப்பட்ட பாதையில் நடுத்தர வேகக்காரர்கள் பாதி தூரத்துக்கு மேல் நடக்கத்தான் செய்வார்கள், இரவில் இன்னும் மெதுவாக. இந்த வேகம் பின்னால் வரும் கணக்குக்கு முக்கியம்.

காலை 5 முதல் மாலை 6.35 வரை

இந்தப் பகுதியில் சொல்வதற்கு அதிகம் இல்லை, எல்லாம் சரியாகவே போனது. தொடக்கத்தில் எடை 52.4 கிலோ. பகலில் பள்ளத்தாக்கில் வெப்பம் 33 டிகிரியைத் தொட்டது. அலாரம் அடிக்க அடிக்கக் குடித்தார். 45-ஆவது கிலோமீட்டரில் வலது முழங்கால் வலிக்க, 400 மில்லிகிராம் இபுப்ரோஃபென் வலி மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டார்.

மாலை 6.10-க்கு 54-ஆவது கிலோமீட்டருக்கு வந்தார். எடை 51.2. தொடக்கத்தைவிட 1.2 கிலோ குறைவு. இவ்வளவு நேரம் ஓடியவருக்கு அது ஆரோக்கியமான எண். உடலில் எரிந்துபோன மாவுச்சத்தும் கொழுப்பும், மாவுச்சத்தோடு சேர்ந்திருக்கும் நீரும் போவதாலேயே எடை கொஞ்சம் இறங்கத்தான் வேண்டும். அதை நான் அன்று அப்படிப் படிக்கவில்லை. 1.2 கிலோ தண்ணீர் பாக்கி என்று படித்தேன். "அக்கா, கொஞ்சம் பின்தங்கியிருக்கீங்க, இனி விடாம குடிக்கணும்" என்று சொன்னேன். என் முதல் தவறு இது.

உடை மாற்றி, சூப் குடித்து, 6.35-க்குக் கிளம்பினோம்.

இரவு ஏற்றம்

அடுத்த 9 கிலோமீட்டரில் 1,250 மீட்டர் ஏற்றம், 2,650 மீட்டர் உயரத்திலுள்ள கணவாய் வரை. பொழுது சாய்ந்ததும் தூறல் பிடித்தது. எட்டு மணிக்கெல்லாம் 8 டிகிரி. மழைச் சட்டை, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டோம்.

என் கவனம் முழுக்கக் குளிர் மீதே இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில், திடீரென வந்த காற்றிலும் மழையிலும் சிக்கி 21 ஓட்டக்காரர்கள் இறந்தார்கள். அதைப் படித்ததிலிருந்து மலையில் குளிர் என்றால் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "குளிருதா? நடுங்குதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். நடுங்கவில்லை என்றார். நிம்மதியாக இருந்தேன்.

இன்னொரு கேள்வியையும் விடாமல் கேட்டேன்: "குடிச்சீங்களா?" அலாரம் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவரும் குடித்துக்கொண்டே வந்தார். பகல் வெயிலுக்குப் போட்ட அதே 700 மி.லி., இப்போது 8 டிகிரிக் குளிரில், மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் நடையில். வியர்வை கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது. மழைச் சட்டைக்குள் கைவிட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

எட்டு மணிக்கு முழங்கால் மறுபடி வலித்தது. இரண்டாவது இபுப்ரோஃபெனை என் பையிலிருந்து நானே எடுத்துக் கொடுத்தேன்.

பத்து மணி வாக்கில் சிறுநீர் போனாரா என்று கேட்டேன். ஐந்து மணிக்கு ஒருமுறை போனதுதான், அப்புறம் போகவே தோன்றவில்லை என்றார். சிறுநீர் வராவிட்டால் தண்ணீர் போதவில்லை என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இன்னும் குடிக்கச் சொன்னேன்.

10.10-க்குக் கணவாய். அங்கே முதன்முதலாகத் தலைவலி என்றார், குமட்டலும் இருந்தது. 2,500 மீட்டருக்கு மேல் வந்திருந்ததால் உயரம்தான் காரணம் என்று வைத்துக்கொண்டேன். இறங்கினால் சரியாகிவிடும் என்று அவரிடமும் சொன்னேன்.

கணவாயிலிருந்து கீழே

சரியாகவில்லை. இந்த இரவில் எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான துப்பு அதுதான். உயரத்தால் வந்த தலைவலி என்றால் இறங்க இறங்கக் குறைய வேண்டும். இவருக்கு இறங்க இறங்கக் கூடியது.

11 மணிக்கு வாந்தி எடுத்தார். ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் பார்த்தேன். உணவே இல்லை, தெளிந்த தண்ணீர், ஒரு குப்பி அளவுக்கு. பாறை மேல் விழுந்து ஓடியது. குடித்தது குடலுக்குப் போகாமல் வயிற்றிலேயே தேங்கிக் கிடக்கிறது என்று அந்த நிமிடமே புரிந்திருக்க வேண்டும். நான் அரை லிட்டர் குப்பியை நீட்டி, போனதை ஈடுகட்டிவிடலாம் என்றேன். அவர் மறுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மருந்து குடிப்பதுபோலக் குடித்தார்.

அந்த முகம் இப்போதும் நினைவில் இருக்கிறது. தாகமுள்ளவர் யாரும் அப்படிக் குடிக்கமாட்டார்.

11.45-க்கு 67-ஆவது கிலோமீட்டரில் ஒரு சிறிய தண்ணீர்ப் பந்தல். அங்கிருந்த தன்னார்வலர் முகத்தைப் பார்த்ததுமே "ரொம்ப வறண்டு போயிருக்காங்க, உட்கார வைச்சு நிறைய குடுங்க" என்றார். சூடாக இரண்டு கோப்பை கொடுத்தார். அன்போடுதான் கொடுத்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது அவ்வளவுதான், எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

72-ஆவது கிலோமீட்டர் அருகே, அப்போது மணி 1 இருக்கும், அக்கா நின்று "என் போல் எங்கே?" என்று கேட்டார். இரண்டு ட்ரெக்கிங் போலும், அதாவது ஊன்றி நடக்கும் கோல்களும், அவர் கையிலேயே இருந்தன. சொன்னதும் சிரித்தார். நானும் களைப்பு என்று சிரித்துவிட்டேன். கைப்பட்டையைத் தளர்த்தக் கையுறையைக் கழற்றப் பார்த்தார், வரவில்லை. நான் பிடித்து இழுத்துக் கழற்றினேன். விரல்கள் வீங்கி, தோல் மினுமினுத்துக்கொண்டிருந்தன. மோதிரம் சதைக்குள் புதைந்து, அதன் இரண்டு பக்கமும் விரல் பிதுங்கி நின்றது. கடிகாரப் பட்டையை ஒரு துளை தளர்த்தியபோது அடியில் ஆழமான தடம்.

நீண்ட ஓட்டத்தில் கை வீங்குவது புதிதில்லை, அதனால் மட்டும் எதையும் முடிவு கட்ட முடியாது. ஆனால் அந்தக் கை சூடாக இருந்தது. குளிரால் தடுமாறுகிற ஆளின் கை அப்படி இருக்காது. உடல் வறண்ட ஆளின் கையும் அப்படி இருக்காது. நான் மனதில் வைத்திருந்த இரண்டு விளக்கத்துக்கும் எதிரான சாட்சி என் கைக்குள்ளேயே இருந்தது. கையுறையைத் திரும்ப மாட்டிவிட்டு நடக்கத் தொடங்கினோம்.

78-ஆவது கிலோமீட்டர்

2.35-க்கு எய்ட் ஸ்டேஷன். கடைசி ஒரு கிலோமீட்டர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். கூடாரத்துக்குள் நுழைந்ததும் என்னை வேறொரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

உட்கார வைத்ததும் ஒருவர் தண்ணீர்க் கோப்பையை நீட்டினார், இன்னொருவர் ட்ரிப் போட நார்மல் சலைன் (வழக்கமான உப்புநீர்) பையை எடுத்தார். பணியிலிருந்த மருத்துவர் இரண்டையும் நிறுத்தச் சொன்னார். "முதல்ல எடை பாருங்க" என்றார். நனைந்த சட்டை, காலணி, பை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஏற்றினோம். 53.1 கிலோ.

54-ஆவது கிலோமீட்டரில் இருந்ததைவிட 1.9 கிலோ கூடுதல். காலையில் கிளம்பியபோது இருந்ததைவிடவே 700 கிராம் கூடுதல். இருபத்தொன்றரை மணி நேரம் மலையில் ஓடிய ஒருவர் எடை கூடி வந்திருக்கிறார்.

மருத்துவர் என்னிடம் கேட்டவை நான்கே கேள்விகள். எப்போதிலிருந்து சிறுநீர் போகவில்லை? எவ்வளவு குடித்தார்? வலி மாத்திரை ஏதாவது? தாகமாக இருக்கிறது என்று எப்போதாவது சொன்னாரா? முதல் மூன்றுக்கும் பதில் இருந்தது. நான்காவதற்குத் திகைத்து நின்றேன். எட்டு மணி நேரத்தில் குடித்தீர்களா என்று முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். தாகமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், 104. உடல் வெப்பம் 36.1. சர்க்கரை இறங்கவில்லை, உடலும் குளிரவில்லை. கையடக்க ரத்தப் பரிசோதனைக் கருவி அங்கே இருந்தது பெரிய அதிர்ஷ்டம். இரண்டு மூன்று நிமிடத்தில் எண் வந்தது: சோடியம் லிட்டருக்கு 124 மில்லிமோல். இருக்க வேண்டியது 135 முதல் 145.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, வாய்வழியாக ஒரு சொட்டும் கொடுக்கக்கூடாது என்பது. லேசான குறைவு என்றால், தெளிவாகப் பேசுகிறவராக இருந்தால், கெட்டியான உப்புச் சூப்பைக் கொஞ்சமாகக் கொடுப்பதுண்டு. குழம்பிப்போய் வாந்தி எடுப்பவருக்கு அதுவும் ஆகாது.

இரண்டாவது முடிவு நார்மல் சலைன் வேண்டாம் என்பது. எனக்கு இது புரியவே நேரம் பிடித்தது. உப்பு குறைந்திருக்கிறது, சலைனில் உப்பு இருக்கிறது, பிறகு ஏன் கூடாது? மருத்துவர் பின்னால் விளக்கினார். அந்த நிலையில் உடல் தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கிறது. சலைன் ஏற்றினால் சிறுநீரகம் உப்பை வெளியே விட்டுவிட்டுத் தண்ணீரை வைத்துக்கொள்ளலாம், சோடியம் இன்னும் இறங்கலாம்.

மூன்றாவது, 3 சதவீத சலைன் 100 மி.லி. நரம்பு வழியாக. நார்மல் சலைனைவிட மூன்று மடங்குக்கு மேல் உப்பு. மூளை வீக்கத்தின் அறிகுறி உள்ளவருக்கு, பத்து நிமிட இடைவெளியில் மூன்று தடவை வரை இதைக் கொடுக்கலாம் என்பது 2015-இல் இதற்காகவே கூடிய சர்வதேச நிபுணர் குழுவின் பரிந்துரை. ஆய்வகப் பரிசோதனைக்காகவோ ஆம்புலன்ஸுக்காகவோ காத்திருக்கத் தேவையில்லை என்பது அதன் சாரம். சோடியத்தை வேகமாக ஏற்றக்கூடாது என்று மருத்துவமனைகளில் ஒரு பயம் உண்டு, நாள்பட்ட குறைவுக்கு அது நியாயமான பயம். சில மணி நேரத்தில் இறங்கியதைச் சில மணி நேரத்தில் ஏற்றலாம். தாமதம்தான் இங்கே ஆபத்து. தண்ணீர் மூளைச் செல்களுக்குள் புகும், மண்டை ஓடு விரிந்து கொடுக்காது.

2.55-க்கு முதல் 100 மி.லி. முடிந்தது. பத்து நிமிடம் கழித்து இரண்டாவது. 3.20 வாக்கில் அக்கா என் பெயரைச் சரியாகச் சொன்னார். மூன்றாவது தேவைப்படவில்லை.

நான்காவது முடிவு போட்டியிலிருந்து விலக்குவது. தெளிவு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, கட்-ஆஃப், அதாவது அந்த இடத்தைக் கடக்க வேண்டிய கடைசி நேரம், எத்தனை மணிக்கு என்பதுதான். 4.30 என்று கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே, 22 கிலோமீட்டர்தானே என்றார். அழுதார். மருத்துவர் வாதாடவில்லை. நெஞ்சிலிருந்து எண் அட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார், இது உங்கள் கையில் இல்லை என்று அவரிடம் மெதுவாகச் சொன்னார். அந்த முடிவை ஓடுகிறவரிடமும் அவரை நேசிக்கிற துணையிடமும் விடாதது எவ்வளவு சரி என்று நான் இன்றும் நினைக்கிறேன். என்னிடம் கேட்டிருந்தால், அவர் அழுததைப் பார்த்து, காத்திருந்து பார்க்கலாமே என்றுதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த நாள்

4.15-க்குச் சிறுநீர் வந்தது, கிட்டத்தட்ட 800 மி.லி. உடல் பிடியைத் தளர்த்திவிட்டது என்பதற்கு அடையாளம் அது. மறுபடி பார்த்தபோது சோடியம் 128. 4.45-க்கு வண்டியில் மருத்துவமனை. அங்கு சேர்க்கும் இடத்தில், நார்மல் சலைன் வேண்டாம் என்று மருத்துவர் கைப்பட எழுதிய சீட்டைக் காட்டினோம். நண்பகலில் 133. சிறுநீரகச் சோதனைகள் சரியாக இருந்தன. ஒரு நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். மோதிரம் மறுநாள் காலையில் தானாகச் சுழலத் தொடங்கியது.

கணவாய்க்குப் பின் நடந்தது எதுவும் அவருக்கு நினைவில் இல்லை. போலைக் கேட்டது, நாங்கள் சிரித்தது, எதுவும்.

எப்படி இது நடந்தது

இது புதிய நோய் இல்லை. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் சுமார் 90 கிலோமீட்டர் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் 1980-களின் தொடக்கத்திலேயே கவனித்திருக்கிறார்கள். அந்நாட்டு மருத்துவர் டிம் நோக்ஸும் சக ஆய்வாளர்களும் 1985-இல் இதை மருத்துவ இதழில் எழுதினார்கள். 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. எடை கூடியிருந்தவர்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்கள், மிக ஒல்லியானவர்கள் அல்லது மிகப் பருமனானவர்கள் இவர்களிடம் அது அதிகம் என்று 2005-இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. வேகமாக ஓடுபவர்களுக்குக் குடிக்க நேரமே இருக்காது. மெதுவாகப் போகிறவர்களுக்கு நேரமும் உண்டு, கூடவே குடிக்கச் சொல்ல ஆளும் உண்டு.

உப்பு மாத்திரை போட்டுக்கொண்டேதானே இருந்தார் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 140 மில்லிமோல், அதாவது சுமார் 3.2 கிராம். மணிக்கு 700 மி.லி. குடித்து, அத்தனையும் உள்ளேயே தங்கினால், ரத்தம் நீர்த்துப்போகாமலிருக்க அதோடு 2.2 கிராம் சோடியம் சேர வேண்டும். அவர் எடுத்த மாத்திரை ஒன்றில் 200 மில்லிகிராம். எலெக்ட்ரோலைட் குப்பியையும் சேர்த்தால் மணிக்கு 400 மில்லிகிராமைத் தொடவில்லை. வெளியே போக வேண்டிய தண்ணீர் போகாதவரை மாத்திரையால் எதுவும் ஆகாது. அது பாதுகாப்பு என்ற நம்பிக்கையை மட்டும் கொடுத்தது.

அப்படியானால் தண்ணீர் ஏன் போகவில்லை? ஓய்வில் இருக்கும் ஆரோக்கியமான ஒருவரின் சிறுநீரகம் மணிக்கு முக்கால் லிட்டருக்கு மேல் வெளியேற்றக்கூடியது. நீண்ட உழைப்பு, வலி, குமட்டல் இவையெல்லாம் வாசோப்ரெசின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கின்றன. அது சிறுநீரகத்தின் மடையை அடைக்கிறது. இபுப்ரோஃபென் அந்த அடைப்பை இன்னும் இறுக்கக்கூடியது. சிறுநீர் வரவில்லை என்று நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது அடைத்த மடைக்கு மேல்.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறு. அந்த இரவில் தெரிந்த ஒவ்வொரு அறிகுறிக்கும் எங்களிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. தலைவலிக்கு உயரம், வாந்திக்கு நீரிழப்பு, வீக்கத்துக்குக் கை வீச்சு, குழப்பத்துக்குத் தூக்கமின்மை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே ஒப்புக்கொள்ளக்கூடியவை. நான்கையும் சேர்த்துவைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட நான் நிற்கவில்லை. எடைக் கருவி ஒன்றுதான் அதைச் செய்தது.

இப்போது எதை மாற்றியிருக்கிறோம்

கைக்கடிகாரத்தின் குடிக்கும் அலாரத்தை எடுத்துவிட்டோம். தாகம் எடுத்தால் குடிப்பது, எடுக்காவிட்டால் குப்பியைத் தொடாமலிருப்பது. இதை ஒப்புக்கொள்ள அக்காவுக்குப் பல மாதங்கள் ஆயின. மூன்று வருடம் முன்பு வெயிலில் விழுந்தது பொய்யில்லை, அந்தப் பயத்தையும் மதிக்கத்தான் வேண்டும். "குறைவாகக் குடி" என்பதும் ஒரு விதியாகிவிட்டால் அடுத்த முறை பழைய குழியிலேயே விழுவோம்.

ஓட்டத்தின்போது இபுப்ரோஃபென் கிடையாது. வலி தாங்கவில்லையென்றால் நடப்பது, அப்போதும் தாங்கவில்லையென்றால் நிற்பது. என் பையில் இப்போது அந்த மாத்திரையே இல்லை.

பேசராகப் போகும்போது நான் கேட்பதை மாற்றிவிட்டேன். தாகமா, சிறுநீர் போனதா, மோதிரம் சுழலுகிறதா, தலை வலிக்கிறதா. பொழுது சாய்ந்த பிறகு, தாகம் இல்லை, சிறுநீரும் இல்லை, வயிறு தளும்புகிறது என்று மூன்றும் சேர்ந்து வந்தால் குப்பியை வாங்கி என் பையில் வைத்துக்கொள்வேன். பேச்சு குழறினால் அடுத்த எய்ட் ஸ்டேஷன் வரை நடத்திப் பார்க்கும் வேலை இல்லை, அங்கேயே நின்று உதவிக்குத் தகவல் அனுப்புவேன். 72-ஆவது கிலோமீட்டரிலிருந்து அவரை ஆறு கிலோமீட்டர் நடத்தியது அந்த இரவில் நான் செய்த மிக ஆபத்தான காரியம். வழியில் வலிப்பு வந்திருந்தால் என்னிடம் எதுவும் இருந்திருக்காது.

போட்டி நடத்தியவர்களிடம் மருத்துவரே பேசினார். அடுத்த வருடத்திலிருந்து 67-ஆவது கிலோமீட்டர் தண்ணீர்ப் பந்தலிலும் எடைக் கருவி வைத்தார்கள். வாந்தி எடுத்து வருபவருக்கு எடை பார்க்காமல் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று தன்னார்வலர்களுக்கு ஒரு பக்கத் தாள் கொடுத்தார்கள். 3 சதவீத சலைன் இப்போது இரண்டு இடங்களில் இருக்கிறது.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. எத்தனையோ வெயில் நாட்களில் எடை பார்த்துப் பயிற்சி செய்தவர், ஒரு குளிர் இரவில்கூட அப்படிப் பார்த்ததில்லை. நான்கு மாதம் கழித்து, மருத்துவர் அனுமதித்த பிறகு, இருவரும் ஒரு செங்குத்தான ஏற்றத்தில் இரவு மூன்று மணி நேரம் நடந்தோம். 9 டிகிரி, லேசான காற்று, அதே மழைச் சட்டை. முன்னும் பின்னும் எடை பார்த்து, குடித்ததையும் சேர்த்துக் கணக்கெடுத்தோம். வியர்வை மணிக்கு 280 மி.லி. அடுத்த வாரம் மறுபடி செய்தோம், 260. இரண்டு எண்ணையும் அக்கா தன் பயிற்சிக் குறிப்பேட்டில், பகலுக்கு எழுதியிருந்த 800-க்குப் பக்கத்தில் எழுதிவைத்தார்.